ஒரே ராடு: எம்மா, எம்ஹெச்சா?

கேள்வி, 02.08.2024

மீன் பிடிக்கப் புது ஸ்பின்னிங் ராடு வாங்கப் போகிறேன் அண்ணே. நரம்பு சுற்ற 4000 சைஸ் ரீல் ஏற்கெனவே இருக்கிறது. வாரநாளில் திருவொற்றியூர் தூண்டில் வளைவுக் கற்கள், எப்போதாவது முட்டுக்காடு முகத்துவாரம், பொங்கலுக்கு ஊருக்குப் போனால் ஏரியில் விரால். எல்லாவற்றுக்கும் ஒரே ராடுதான், வீட்டில் அதற்கு மேல் சம்மதம் கிடைக்காது. கடைக்காரர் மீடியம் ஹெவி (எம்ஹெச்) எடுங்கள், சின்ன மீனும் வரும் பெரிய மீனும் வரும், மீடியம் (எம்) எடுத்தால் பெரிய கொடுவா ஒன்று மாட்டினால் போச்சு என்கிறார். நியாயமாகத்தான் படுகிறது. எடுத்துவிடவா?

03.08.2024, இரவு

எடுக்காதீர்கள். மீடியம் எடுங்கள், வேலை முடிந்தது.

இதே நியாயத்தை நம்பி மூன்று வருடம் தோள்பட்டை வலியோடு அலைந்தவன் சொல்கிறேன். 2019 மழைக்காலத்தில் முட்டுக்காட்டில், முகத்துவாரம் உடைத்துக்கொண்டு ஓடிய ஒரு சாயங்காலம், என் பழைய மீடியம் ராடில் ஒரு கொடுவா மாட்டியது. இரண்டு தடவை துள்ளியது. வாயைப் பிளந்துகொண்டு தலையை ஆட்டியபோது செவுள் சிவப்பாகத் தெரிந்தது, அவ்வளவுதான், தூண்டில் நரம்பு தொய்ந்துவிட்டது. ஐந்து கிலோ இருக்கும் என்று அன்றைக்குச் சொன்னேன். இப்போது எட்டு கிலோ ஆகிவிட்டது, சொல்லச் சொல்ல வளர்கிறது. அடுத்த வாரமே கடைக்குப் போய் 8 அடி மீடியம் ஹெவி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கைப்பிடிக்கு மேலே 20-60 கிராம் என்று எழுதியிருந்தது. படித்தேன், என்னவென்று புரியவில்லை, எண் பெரிதாக இருந்ததில் ஒரு சந்தோஷம்.

என் பெட்டியில் இருந்த லூர்களோ (இரை மாதிரி செய்த போலிகள்) 9, 12, 14 கிராம். அந்த எடைக்கு அந்த ராடு வளையவே வளையாது. ரப்பரை இழுக்காமல் உண்டிவில்லில் கல் விடுவது மாதிரி, கை பலத்தில்தான் எறிய வேண்டும். பக்கத்தில் ஒரு பையன் மெல்லிசுக் குச்சி ஒன்றை வைத்துக்கொண்டு அதே லூரை அலைக்கு அந்தப் பக்கம் போடுவான், என்னுடையது நுரையில் விழும். மாட்டிய சின்னப் பாரைகளிலும் பாதி கரை சேரவில்லை. பிரெய்டு (பின்னல் நரம்பு) நீளாது, ராடும் வளையாது, அப்புறம் மீனின் வாய்தான் கிழிய வேண்டும்.

பிடிக்கிற மீனுக்கு ராடு வாங்காமல், விட்ட மீனுக்கு வாங்கினேன். அதுதான் கதை.

03.08.2024, இன்னும் கொஞ்சம் கழித்து

ஒன்று விட்டுப்போனது. கடையில் ராடின் நுனியைக் கூரையில் முட்டிப் பார்த்து "இது சாஃப்ட், இது ஹெவி" என்பார்கள். அப்படிப் பார்ப்பதில் தெரிவது பவர் இல்லை, ஆக்‌ஷன். எங்கே வளைகிறது என்பது ஆக்‌ஷன்: நுனிப் பக்கம் மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட், பாதி வரை வந்தால் மாடரேட், கைப்பிடி வரை வந்தால் ஸ்லோ. எவ்வளவு எடைக்கு வளைகிறது என்பது பவர்: அல்ட்ரா லைட், லைட், மீடியம் லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி, அப்படியே மேலே. நுனி மெத்தென்று இருக்கிற ஃபாஸ்ட் மீடியம் ஹெவியும் உண்டு, நுனி விறைப்பாகத் தெரிகிற மீடியமும் உண்டு. கூரையில் முட்டி வாங்கினால் கூரைக்குத்தான் பொருத்தமாக இருக்கும்.

04.08.2024

காலையில் எழுந்து நேற்று எழுதியதைப் படித்தேன். "மீடியம் எடுங்கள், வேலை முடிந்தது" என்று எழுதியது அவசரம். எந்த மீடியம்?

இந்த எழுத்துகளுக்குப் பொது அளவு எதுவும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் போடுகிறது, ஒரே கம்பெனிக்குள்ளேயே ஒரு வரிசை ராடின் எம்மும் இன்னொரு வரிசையின் எம்மும் ஒன்றில்லை. என்னிடம் இரண்டு மீடியம் லைட் (எம்எல்) இருக்கின்றன. ஒன்று அமெரிக்க நன்னீர் மீனுக்குச் செய்தது, 6 அடி 6 அங்குலம், அதில் 1/8 முதல் 1/2 அவுன்ஸ் என்று இருக்கிறது. அவுன்ஸுக்கு 28 கிராம் என்று போட்டால் மூன்றரை கிராமிலிருந்து 14 வரை. இன்னொன்று ஜப்பான்காரர்கள் கடலோரத்தில் ஸுஸுகி மீனுக்கு வைத்துக்கொள்கிற ஜாதி, 8 அடி 6 அங்குலம், 7-35 கிராம். இரண்டிலும் அதே எம்எல். முதலாவதில் 30 கிராம் ஜிக்கை (கனமான உலோக லூர்) கட்டி முழு பலத்தில் வீசினால் நுனி தனியாகப் பறந்து போகும், ஜிக் அதைத் தேடிப் போகும்.

ஆகையால் எழுத்தை விடுங்கள், கிராமைப் பாருங்கள். அதற்கு முன்னால் உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சமையலறையில் கேக்குக்கு மாவு நிறுக்கிற சின்னத் தராசு இருந்தால் போதும், ஒவ்வொரு லூராக நிறுத்து எழுதுங்கள். அட்டையில் 14 என்று போட்டிருந்த என் மினோ (குட்டி மீன் வடிவ லூர்) ஒன்று 17 காட்டியது. கம்பெனி முள்ளைக் கழற்றிவிட்டு நான் தடித்த முள்ளும் வளையமும் போட்டதை மறந்திருந்தேன்.

பட்டியலில் அதிகமாக வருகிற எடை எதுவோ, அது ராடின் எல்லைகளுக்கு நடுவிலோ நடுவுக்குச் சற்று மேலேயோ விழ வேண்டும். 10-30 என்று எழுதிய ராடு 10 கிராமையும் போடும், 30ஐயும் போடும், ஆனால் 15இலிருந்து 25 வரைதான் சந்தோஷமாகப் போடும்.

05.08.2024

தம்பி, லூரை நிறுக்கச் சொன்னேன். ரீலை இல்லை.

05.08.2024

சரி, பட்டியல் வந்தது. 10, 10, 12, 14, 18, 20, 28. இதில் 28 கிராம் ஜிக்கை எத்தனை தடவை கட்டியிருக்கிறீர்கள்? "ஒரு தடவை, கல்லில் மாட்டி அறுந்துவிட்டது" என்றால் அது பட்டியலிலேயே இல்லை, கடலில் இருக்கிறது. அதைக் கழித்தால் எல்லாம் 10-20. மீடியமோ மீடியம் லைட்டோ, 7-28 அல்லது 8-30 போல எழுதியிருப்பது எதுவானாலும் சரி. நரம்பு எல்லையையும் பாருங்கள். பிஇ 0.8-1.5 என்று இருந்தால் உங்களுக்குக் கச்சிதம். பிஇ என்பது பிரெய்டின் தடிமன் கணக்கு, பிஇ 1 என்றால் 0.165 மில்லிமீட்டர், சுமாராக 16-20 பவுண்டு தாங்கும். பவுண்டைப் பார்த்து பிரெய்டு வாங்கினால் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பொய் சொல்லும்.

ராடு மேல் 862 என்று இருக்கிறதே என்று இன்னொருவர் கேட்கிறார். 8 அடி 6 அங்குலம், இரண்டு துண்டு. எல்லாக் கம்பெனியும் அப்படி எழுதுவதில்லை, ஆனால் பெரும்பாலும் அதுதான். விலை இல்லை, பயப்படாதீர்கள்.

08.08.2024

"10 கிலோ மீனை எம்எல் எப்படித் தாங்கும், ஒரு பொறுப்பு வேண்டாமா" என்று பெரியவர் ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். அவருக்காக நேற்று மாலை மொட்டை மாடியில் ஒரு வேலை பார்த்தேன்.

ரீலில் 11 கிலோ டிராக் என்று அச்சடித்திருக்கிறது. மீன் எவ்வளவு பலமாக இழுத்தால் ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் என்பதுதான் டிராக். அந்த 11 கிலோவை என் கை தாங்குமா என்று பார்ப்பதுதான் திட்டம். கைப்பிடிச் சுவரிலிருந்து நரம்பைக் கீழே விட்டு, தரையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தூக்கினேன். எழுந்தது, ராடு நன்றாக வளைந்தது, ஒன்றும் பிரச்சினை இல்லை. இரண்டு லிட்டர் பாட்டிலைக் கட்டினேன். எழுந்தது என்று சொல்லலாம், ஆனால் ராடு கொக்கி மாதிரி ஆகிவிட்டது, இடது கையால் நடுவில் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, மணிக்கட்டு நடுங்கியது. மூன்று லிட்டர் கேனைக் கட்டவில்லை, பயம்தான். இது மீடியம் ஹெவியில் செய்தது. ரீலின் 11 கிலோ ரீலோடு இருக்கட்டும்.

அப்புறம் பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசை நரம்பு முனையில் மாட்டி, ராடை 45 பாகையில் பிடித்துக்கொண்டு மனைவியை இழுக்கச் சொன்னேன். வழக்கமாக நான் வைக்கிற டிராக் 1.8 கிலோ. நான் நாலைந்து இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த 1.8இல்தான் இத்தனை வருடம் எல்லா மீனும் வந்திருக்கிறது. நரம்பு தாங்குகிற பலத்தில் கால் பங்கு டிராக் என்பது பழைய கணக்கு. 20 பவுண்டு நரம்பு என்றால் 9 கிலோ, கால் பங்கு இரண்டேகால். அதை எம்எல் தாங்கும். தண்ணீருக்குள் 10 கிலோ மீன் 10 கிலோ கனக்காது, அதன் வால் எவ்வளவு இழுக்கிறதோ அதுதான் சுமை. இழுத்தால் டிராக் கொடுக்கும், நின்றால் நாம் சுற்றுவோம்.

கீழ்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "மேலே தண்ணி வரலையா தம்பி, பாட்டிலைக் கயிறு கட்டி இழுக்கிறீங்க, மோட்டர் போடச் சொல்லவா?" என்றார்கள்.

09.08.2024

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு யாரோ நல்ல ராடில் பாட்டில் கட்டிப் பார்க்கிறேன் என்கிறார்கள். செய்தே தீருவேன் என்றால் ராடைத் தோளுக்கு மேல் தூக்காதீர்கள். கைப்பிடி வானத்தைப் பார்த்தால் சுமை எல்லாம் மெல்லிய நுனிக்கு வந்துவிடும், அங்கேதான் ஒடியும். மீன் காலடிக்கு வந்ததும் ராடைச் செங்குத்தாகத் தூக்கி ஒடித்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

14.08.2024

இரண்டு நாள் அம்மா ஊரில் இருந்தேன், மதுராந்தகம் பக்கம். அங்கே போய்விட்டு வந்ததும் என் பதிலில் ஒரு கால் உடைந்துவிட்டது. தம்பி விராலும் கேட்டிருந்தார், நான் கண்டுகொள்ளவே இல்லை.

விரால் தாமரை இலைக்கும் ஆகாயத்தாமரைக்கும் அடியில் கிடக்கும். ரப்பர் தவளையை இலை மேலேயே தத்தித் தத்தி இழுத்து வர வேண்டும், அது இலையோடு சேர்த்து "படக்" என்று அடிக்கும். அடித்ததும் ஒன்று இரண்டு எண்ணிவிட்டுச் சுண்ட வேண்டும். அந்தச் சுண்டலில் தவளையின் ரப்பர் உடம்பு அமுங்கி, முள் வெளியே வந்து, விராலின் கெட்டி வாயில் ஏற வேண்டும். எம்எல் ராடில் சுண்டினேன், ராடு அழகாக வளைந்தது, விராலுக்குத் தகவலே போகவில்லை. இரண்டாவது தடவை முள் ஏறியது. ஆனால் அது ஒரு கொடியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது, நான் இழுத்ததில் வந்தது இரண்டு கிலோ ஆகாயத்தாமரை. டிராக் கொடுத்து விளையாட அங்கே இடமே இல்லை. ஆக இங்கே கடைக்காரர் சொன்னது சரி: மீடியம் ஹெவி, ஃபாஸ்ட், 6 அடி 6 அல்லது 7 அடி, 40 பவுண்டு பிரெய்டு. கடலில் தப்பான ராடு ஏரியில் சரியான ராடு.

என் மாமா இதையெல்லாம் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் பத்தடி மூங்கில், நுனியில் முறுக்கிக் கட்டிய தடித்த தங்கூஸ், முள்ளில் உயிர்த் தவளை. ரீல் கிடையாது. கடித்ததும் மூங்கிலோடு எழுந்து நின்று பின்னால் நாலடி நடப்பார், விரால் வரப்பில் வந்து விழும். "எத்தனை ரூவா ராடு?" என்றார். பாதி விலை சொன்னேன். "அதுக்கும் வளையுது" என்றார்.

15.08.2024

ஒரே ராடு, இரண்டு நுனி என்று விற்கிறார்களே, மீடியம் ஒன்று மீடியம் ஹெவி ஒன்று, அது இந்தப் பிரச்சினையைத் தீர்க்காதா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நல்ல யோசனைதான், நானும் ஒன்று வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம்.

அதை ஒரு நாள் அளந்து பார்த்தேன். முறை சுலபம். கைப்பிடியை மேஜையோடு சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டி ராடைக் கிடைமட்டமாக நிறுத்த வேண்டும். பின்னால் சுவரில் நுனி இருக்கிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. ராடு நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே இன்னொரு கோடு. 7 அடி ராடு 213 சென்டிமீட்டர், அதனால் 71 கீழே. நுனி வளையத்தில் ஒரு பாலித்தீன் பையைக் கட்டி, அதில் கைப்பிடி கைப்பிடியாக அரிசி போட வேண்டும். நுனி இரண்டாவது கோட்டைத் தொட்டதும் நிறுத்திவிட்டுப் பையை நிறுத்துப் பாருங்கள். அந்த எடைதான் ராடின் பவர், எழுத்து எதுவாக இருந்தாலும். கடைசியில் ஒவ்வொரு அரிசியாகப் போட வேண்டியதில்லை, நான் போட்டேன்.

மீடியம் நுனி 360 கிராம். மீடியம் ஹெவி நுனி 385. இந்த 25 கிராம் வித்தியாசத்துக்கு எண்ணூறு ரூபாய் அதிகம் கொடுத்திருந்தேன். பெயிண்ட் மட்டும் வேறு நிறம், அது நன்றாக இருந்தது. எல்லா இரட்டை நுனியும் இப்படி என்று சொல்லவில்லை, நண்பர் வைத்திருக்கிற ஒன்றில் நிஜமாகவே ஒன்றரை மடங்கு வித்தியாசம் இருந்தது. அரிசி மூட்டையோடு கடைக்குப் போக முடியாது, அதனால் இரண்டு நுனியிலும் எழுதியிருக்கிற கிராம் எல்லையைப் பாருங்கள். ஒன்றில் 8-25, இன்னொன்றில் 10-28 என்றால் அது ஒரே நுனிதான், நீங்கள் ஸ்பேர் வாங்குகிறீர்கள்.

21.08.2024

தூத்துக்குடி அண்ணாச்சி ஒருவர் "சீலாவுக்கு எம்எல்லா? ரீலையே காலி பண்ணிட்டுப் போயிரும்" என்று எழுத, நான் "அரைக் கிலோ சீலாவுக்கு எம்எல்லே அதிகம், லூருக்கு முன்னால் கட்டுகிற கம்பி லீடர் மட்டும் மறக்காதீர்கள்" என்று பதில் போட, அவர் "உங்க ஊர்ல சீலா அரைக் கிலோதானா" என்று கிண்டலடிக்க, இப்படியே பத்துப் பதில் போனது. பிறகுதான் உறைத்தது. சென்னையில் சீலா என்றால் ஊளி, நீள வாயும் பல்லுமாக இருக்குமே, அது. தூத்துக்குடியில் சீலா என்றால் வஞ்சிரம். கன்னியாகுமரிக்காரர் ஒருவர் நடுவில் புகுந்து "நெய்மீனைத்தானே சொல்கிறீர்கள்" என்று கேட்டபோதே முடிந்திருக்க வேண்டியது. அண்ணாச்சி, வஞ்சிரத்துக்கு என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி. படகில் போனால் இந்தக் கேள்வி பதிலை மொத்தமாக மறந்துவிடுங்கள், அது வேறு உலகம்.

30.08.2024

கல்லைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். முட்டுக்காட்டில் மணல், மீனை அலையோடு சேர்த்துக் கரையில் தள்ளிவிடலாம். திருவொற்றியூரில் நாம் நிற்கிற கல்லுக்கும் தண்ணீருக்கும் ஆறேழு அடி. அங்கே மீன் டிராக்கில் வராது, தூக்க வேண்டும். தூக்கும்போதுதான் கிலோ என்பது கிலோ. பாட்டில் கதை நினைவிருக்கிறதா, அது இங்கே பொருந்தும், தண்ணீருக்குள் இல்லை.

போன வருடம் அப்படித் தூக்கித்தான் ஒரு ராடை ஒடித்தேன். முக்கால் கிலோ பாரை. நுனியிலிருந்து மூன்றாவது வளையத்துக்குப் பக்கத்தில் "டிக்", அவ்வளவு சின்ன சத்தம். கம்பெனியைத் திட்டி நீளமாக எழுதினேன், பார்த்திருப்பீர்கள். இன்று பரணிலிருந்து அந்தத் துண்டை எடுத்து வெயிலில் பார்த்தேன். ஒடிந்த விளிம்பை ஒட்டி மிளகளவு வெள்ளைத் தழும்பு. முந்தின மாதம் ஜிக் ஒன்று வீசும்போது அங்கே பட்டது, அன்றைக்கே "டங்" என்று கேட்டது, ஒன்றும் ஆகவில்லை என்று துடைத்துவிட்டு வீசிக்கொண்டிருந்தேன். கார்பன் அப்படித்தான், பட்ட அன்றைக்கு ஒடியாது. திட்டியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கல்லுக்காக ராடைத் தடிமன் ஆக்க வேண்டாம், நீளக் கைப்பிடி வலை ஒன்று வாங்குங்கள். பக்கத்தில் ஒரு ஆளையும் வைத்துக்கொள்ளுங்கள், அலை அடிக்கிற பாசிக் கல்லில் தனியாக இறங்காதீர்கள்.

31.08.2024

கொடுவா கதைக்கு ஒரு வாசகர் கொடுத்திருக்கிற விளக்கம்: முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் பண்ணை இருக்கிறது, அவர்கள் 1997இலேயே கொடுவாவைக் குஞ்சு பொரிக்க வைத்தவர்கள், அங்கே தீனி தின்று வளர்ந்து தப்பித்ததாக இருக்கும், அதனால்தான் அத்தனை பலம் என்கிறார். இன்னொருவர், கொடுவா ஆணாகப் பிறந்து பெரிதானதும் பெண்ணாக மாறும், எட்டு கிலோ என்றால் பெரும்பாலும் பெண், "அவன் அறுத்துக்கொண்டு போனான்" என்று நான் சொல்லிக்கொண்டு திரிவது தப்பு என்கிறார். ஐந்து கிலோவாக இருந்தபோது எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

11.09.2024

தம்பி வாங்கிவிட்டார். 8 அடி எம்எல், 7-28 கிராம், பிஇ 0.6-1.5. கடைக்காரர் முகம் வாடிவிட்டதாம். விராலுக்கு அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்திருக்கிறார், நல்ல முடிவு. ஒரே ராடில் எல்லாம் என்ற ஆசையை விட்டதும் தேர்வு ஐந்து நிமிடத்தில் முடிந்ததாம்.

19.10.2024

மழை விட்டதும் தம்பியோடு முட்டுக்காடு போனேன். நேரில் முதல் தடவை. அவருடைய ராடை வாங்கி, என் 12 கிராம் மினோவைக் கட்டி, மணல் மேட்டில் கடலுக்கு முதுகைக் காட்டி ஒரு வீச்சு வீசினேன், விழுந்த இடம் வரை நடந்து எண்ணினால் 52 தப்படி. அதே லூர், அதே கை, என் எம்ஹெச்சில் 37. மூன்று தடவை மாற்றி மாற்றிப் போட்டோம், பெரிய மாற்றம் இல்லை. என் ரீலில் நரம்பு கொஞ்சம் தடிமன், அதற்காக ஐந்து தப்படி தள்ளுபடி தரலாம். மீதி ராடுதான்.

அந்த ராடு பின்னால் போகும்போதே லூரின் எடையைக் கையில் சொல்கிறது. அதை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. என்னுடையதில் லூர் இருக்கிறதா அறுந்துவிட்டதா என்று நுனியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

முதல் நாள் நான் சொன்னது "மீடியம் எடுங்கள்". இவர் எடுத்தது எம்எல். நானும் அன்றைக்கு எழுத்தைத்தான் சொல்லியிருக்கிறேன், கடைக்காரர் ஒரு எழுத்து, நான் ஒரு எழுத்து. மீன் எதுவும் கிடைக்கவில்லை, ஒரு கெளுத்தி முதுகில் மாட்டி வந்தது, விட்டுவிட்டோம்.

08.12.2024

ஃபெங்கல் புயல் கரை கடந்து ஒரு வாரம். முகத்துவாரம் அகலமாகத் திறந்து காபி நிறத்தில் தண்ணீர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏற்றம் திரும்பி, கலங்கலும் தெளிவும் சேர்கிற கோட்டில் தம்பி 14 கிராம் மினோவைப் போட்டார். மூன்றாவது சுற்றில் ராடு கைப்பிடி வரை வளைந்தது. கொடுவா. துள்ளியது, வாயைப் பிளந்துகொண்டு தலையை ஆட்டியது. நான் பின்னால் நின்று "ராடைத் தாழ்த்து, தாழ்த்து" என்று கத்திக்கொண்டிருந்தேன், அவர் கேட்டாரா தெரியவில்லை, ஆனால் தாழ்த்தினார். ஏழெட்டு நிமிடம். டிராக் நாலு தடவை பாடியது. அலையோடு சேர்த்து மணலில் தள்ளினோம். மூன்று கிலோ இருநூறு, கொக்கித் தராசில் நிறுத்தது, என் கணக்கு இல்லை.

முள்ளைக் கழற்றும்போது லீடரைத் தடவிப் பார்த்தேன். 40 பவுண்டு லீடர். லூரிலிருந்து ஒரு சாண் வரை நகத்தை வைத்து இழுத்தால் ரம்பம் மாதிரி சொரசொர என்று இருந்தது, ஓர் இடத்தில் பாதிக்கு மேல் தேய்ந்து போயிருந்தது. கொடுவாவின் செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி, தலையை ஆட்டும் ஒவ்வொரு தடவையும் அறுக்கும்.

இதே சொரசொரப்பை என் கட்டைவிரல் முன்னாலேயே தொட்டிருக்கிறது. 2019, அந்தச் சாயங்காலம், சுற்றி எடுத்த நரம்பின் நுனியைப் பிடித்துப் பார்த்தபடி பாலத்தடியில் உட்கார்ந்திருந்தேன். கடைசி ஒரு சாண் இப்படித்தான் இருந்தது. அன்றைக்குப் போட்டிருந்த லீடர் 16 பவுண்டு, ரீல் வாங்கும்போது இலவசமாகக் கொடுத்தது. ராடு ஒடியவில்லை, வளையம் பிய்யவில்லை, ரீலில் நரம்பு பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. லீடர் அறுந்ததற்கு நான் போய் ராடை மாற்றியிருக்கிறேன். நூறு ரூபாய் லீடர் வாங்க வேண்டிய இடத்தில் ஐயாயிரம் ரூபாய்க்குத் தோள்வலி.

என் அந்த மீடியம் ராடை அக்கா மகனுக்குக் கொடுத்துவிட்டேன். திருப்பிக் கேட்டால் தருவானா என்று பார்க்க வேண்டும்.

09.12.2024

தர மாட்டேன் என்கிறான்.

22.12.2024

8 அடி எம்ஹெச், 20-60 கிராம், ஐந்து வருடம், அதிகம் வளையாதது, விற்பனைக்கு என்று போட்டிருந்தேனே, எடுத்துவிட்டேன். மாமாவின் மூங்கில் ஒடிந்துவிட்டதாம், வாங்கிக்கொண்டு போய்விட்டார். ரீல் வேண்டாம் என்றார். நுனி வளையத்தில் தங்கூஸை முறுக்கிக் கட்டி, தவளையை மாட்டி, முதல் நாளே இரண்டு விரால். போன் பண்ணிச் சொன்னார்: "பரவாயில்லப்பா, இது வளையல."